சனிக்கிழமை போன செம்பருத்திக்கார அண்ணன்

செங்கல்ராயன் அண்ணன் போய்விட்டார். நேற்று, சனிக்கிழமை காலை. செடி வரிசைக்கு நடுவிலேயே விழுந்து கிடந்திருக்கிறார்... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

கனகம்மாசத்திரம் ரோட்டோரத்தில் கலர் கலராகச் செம்பருத்தித் தொட்டி வைத்து விற்பாரே, அவர்தான். திருப்பதி போகிற வழியில் காரை நிறுத்தி உங்களில் சிலர் வாங்கியிருப்பீர்கள். ஆர்.கே.பேட்டை பக்கம் இருக்கிற அவர் தோட்டத்திலிருந்து கடைக்குச் செடி ஏற்றி வந்தது என் லோடு வண்டி.

அழுகை வருகிறது. ஆனால் அவர் சம்சாரம் மஞ்சுளா அண்ணியை நினைத்தால் அதைவிடப் பயம்தான் அதிகமாக வருகிறது.

செம்பருத்தி மொட்டு ரொம்ப ரோஷம் பிடித்தது, இடம் மாற்றினாலே உதிர்ந்துவிடும். அதனால் அண்ணன் என் பக்கத்தில் உட்கார மாட்டார், பின்னால் செடிகளோடுதான் நிற்பார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், கேபினைத் தட்டுவார்.

"டேய், மாசமா கீற பொண்ண கூப்ட்டுகினு போற மாதிரி ஓட்றா."

வழியெல்லாம் திட்டுவார். இறங்கியதும் டீ வாங்கித் தருவார்.

அப்புறம் மாவுப்பூச்சி வந்தது. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி... கஸ்டமர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தார், கேட்கவில்லை. பூச்சி மருந்துக் கடையில் கொடுத்ததுக்கும் கேட்கவில்லை. கடைசியில் ரெண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து அடிக்க ஆரம்பித்தார்.

டிரம்மில் கலப்பது அண்ணி; எவ்வளவு ஊற்றணும் பாவா என்று அண்ணனைக் கேட்டுக் கேட்டு ஊற்றுவார். குச்சி கிடைக்காவிட்டால் முழங்கை வரை கையை விட்டே கலக்குவார். ஸ்பிரேயர் அடைத்துக்கொண்டால் அண்ணன் முனையில் இருக்கிற நாசிலைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்.

"அண்ணா, விஷம்ணா அது."

"ஆங், விஷம்தான். பூச்சிக்கு." துப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஒருநாள் கடையில் ஒரு அம்மா பூவைப் பறித்து, இதில் டீ போடலாமா என்று கேட்டார். எப்போதும் சிரித்துப் பேசுகிற மனுஷன் வெடுக்கென்று பிடுங்கினார். "இது பாக்கறதுக்கும்மா. வாயில கீயில வெச்சிடாதீங்க." அந்த அம்மாவுக்குக் கோபம், எதையும் வாங்காமல் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் தோட்டத்தில் தேன்சிட்டு செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். அண்ணன் காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

போன வாரம் டீக்கடையில் கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு மசமசன்னு கீதுடா. உங்க அண்ணிக்கும் அப்படித்தான் கீதாம். ஜோடிப் பொருத்தம் பாரு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முடியட்டும், இப்போதுதான் நாலு செடி விற்கும் என்றார்.

நேற்று சாயங்காலமே எடுத்தார்கள். சனிக்கிழமைச் சாவு துணைக்கு ஆள் கூப்பிடும் என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். சுடுகாடு வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது. அதைக் கட்டிவிட்டதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

எனக்கு இல்லை... திரும்பி வந்து பார்த்தால் அண்ணி தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி டம்ளரைக் கையில் கொடுத்தேன், பாதி மடியில் கொட்டிவிட்டது. கை அப்படி ஆடியது.

"ரத்த டெஸ்ட் எடுத்துரலாம் அண்ணி. நானே வந்து கூப்ட்டுகினு போறேன்."

"காரியம் முடியட்டும் தம்பி. பின்னாடி வரிசைக்கு இன்னும் மருந்து அடிக்கல. பாவா பாதியில உட்டுட்டு போய்ட்டாரு. கிருத்திகை வருது... நான்தான அடிக்கணும்."

ஸ்பிரேயரைத் தூக்கி என் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் ஆர்.கே.பேட்டையில் ஸ்பிரேயர் வாடகைக்குக் கிடைக்கும். அது அண்ணிக்கும் தெரியும்.

போய்ட்டு வாங்கண்ணா... அண்ணிய மட்டும் கூப்ட்டுக்காதீங்க.