கன்ட்ரிக்காரருக்கு ஒரு சனிக்கிழமை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் தோட்டச் சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கமொன்றின் நிலத்தில், அவரைப் பந்தல்களுக்கும் ரோசாப் பாத்திகளுக்கும் நடுவே நிற்கும் தாழ்ந்த கூரைக் கட்டடம். சனிக்கிழமைகளில் அது ரொக் இசைக்காரருக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கன்ட்ரி இசைக்காரருக்கு. இந்தப் பங்கீட்டை யார் செய்தார்கள் என்று எவருக்கும் நினைவில்லை. மீறத் துணிந்தவரும் இல்லை. நான் சனிக்கிழமைக்காரன். என் மனைவி ஞாயிற்றுக்கிழமைக்காரி.

இரு தரப்பின் சண்டையில் பெரும்பகுதி தரையைப் பற்றியது. ரொக்காரர் பியரைச் சிந்துவார்கள். அது காய்ந்தால் பலகை பிசுபிசுக்கும். கன்ட்ரிக்காரர் ஆடுவது வரிசை நடனம். அதில் சோடி கிடையாது. எல்லாரும் வரிசை வரிசையாக ஒரே திசை பார்த்து நின்று, ஒரே அடியை வைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒருமிக்கத் திரும்பி அடுத்த சுவரைப் பார்ப்பார்கள். நான்கு சுற்று, நான்கு சுவர். அதற்குக் காலணி தடையின்றி வழுக்க வேண்டும் என்பதால் தரையில் பவுடர் தூவுவார்கள். அந்தப் பவுடரில் அடுத்த சனிக்கிழமை எங்கள் டிரம் வாசிப்பவர் சறுக்கி விழுவார். கதவருகே ஒரு புகார்க் கொப்பி தொங்கியது. இரு தரப்பும் பேசிக்கொண்டது அதில் மட்டும்தான்.

ரொக் எனக்கு ஆஹென் நகரில் வந்தது. மாணவனாக நான் குடியிருந்த அறைக்கு அடுத்த அறையில் ஒருவன் இரவும் பகலும் இசைத்தட்டுகளை ஓடவிட்டான். முதல் மாதம் வெறுத்தேன், இரண்டாம் மாதம் அவன் கதவைத் தட்டி இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிற்பாடு, உலோகம் எத்தனை தடவை வளைந்தபின் முறியும் என்று அளப்பதே என் தொழிலாயிற்று. அந்த இசையும் அதே வேலையைச் செய்வதாக எனக்குத் தோன்றும். மனைவிக்குக் கன்ட்ரி, முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வந்தது. அங்கே அவளோடு துணி மடித்த ஜெர்மன் பெண்மணிதான் ஞாயிறு நடனக் குழுவின் தலைவி.

வீட்டில் எங்கள் வாதம் பெரும்பாலும் அடுப்படியில் நடக்கும்.

"உங்கட பாட்டில லொறி ஓடுது, நாய் சாகுது, பெண்சாதி விட்டிட்டுப் போறாள். வேற என்ன இருக்கு?" என்பேன்.

"உங்கட பாட்டில ஒருத்தரும் ஒரு இடமும் போறேல்லை. நிண்ட இடத்தில நிண்டு கத்துறதுதானே," என்பாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சென்ற ஆண்டு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கன்ட்ரிக்காரர் ஒரு கோரிக்கை வைத்தார்கள். தங்கள் குழுவின் ஆண்டு நிறைவுக்கு ஒரேயொரு சனிக்கிழமை வேண்டும். வெளியூர்க் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்ப முடியாது. கை தூக்கி வாக்கெடுத்தார்கள். கோரிக்கை ஒரு வாக்கினால் தோற்றது. எதிர்த்துத் தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. மண்டபத்தின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்த மனைவி அதைப் பார்த்தாள். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் கேட்டாள்:

"கை நோகுதோ?"

இல்லையென்று சொன்னேன். அதன்பின் அதைப்பற்றி நாங்கள் பேசவேயில்லை. பேசியிருக்க வேண்டியவன் நான்.

அவள் நோயுற்றது அந்த மாரிகாலத்தில். அதைப்பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. மருத்துவமனையில் ஒரு பிற்பகல், தலையணையைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, தன் முப்பத்தோராம் நாள் கிரியையைப் பற்றி மிகத் தெளிவான குரலில் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, என்ர முப்பத்தொண்டு அண்டைக்கு என்ர ஆக்கள் ஒருக்கா ஆடவேணும். தங்கச்சி பாக்கவேணும்."

லண்டனில் வசிக்கும் தங்கை, தொப்பியும் நீண்ட காலணியும் அணிந்த அக்காவின் படத்தைப் பார்த்து, மாடு மேய்க்கவா ஜெர்மனிக்குப் போனாய் என்று சிரித்திருந்தாள். அதை மனைவி சிரித்தபடியே என்னிடம் சொன்னாள். ஆனால் மறக்கவில்லை என்பதை நான் அன்று அறிந்தேன். செய்விக்கிறேன் என்று சொன்னேன். எங்கள் மணவாழ்வில் அவள் என்னிடம் கேட்ட கடைசிக் காரியம் அது.

அவள் ஒரு வியாழக்கிழமை இறந்தாள். நடனத் தலைவிக்குத் தொலைபேசியில் செய்தியையும் விருப்பத்தையும் தெரிவித்தேன். எங்கள் வழக்கில் முப்பத்தோராம் நாள் கிரியை முடித்து உறவினருக்குச் சாப்பாடு கொடுப்போம், அன்று ஆடுவீர்களா என்று கேட்டேன். அவள் நின்ற இடத்தை வெறுமையாக விட்டு ஆடுவோம், எங்கள் குழுவில் இறந்தவருக்கு அப்படித்தான் ஆடுவது வழக்கம் என்றார். அதை ஒரு மரியாதைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டேன்.

வாழ்நாளெல்லாம் அளவீடு செய்த நான், அவருக்கு எண்ணைச் சொன்னேனே தவிரத் தேதியைச் சொல்லவில்லை. நாங்கள் இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுகிறோம். அப்படி எண்ணினால் முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. அவர் மறுநாளிலிருந்து எண்ணினார். அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை. தங்கள் நாளிலேயே வந்து விழுந்ததே என்று நெகிழ்ந்து, எல்லாருக்கும் எழுதியும் விட்டார். கிரியைக்கு ஒரு வாரம் இருக்கையில், ஞாயிறு எத்தனை நாற்காலி போடுவது என்று கேட்டு அழைத்தபோதுதான் தவறு வெளிப்பட்டது. குருக்கள் குறித்தது சனி. தங்கையும் மற்ற உறவினரும் ஞாயிறு காலை விமானத்தில் திரும்புகிறார்கள்.

ஆடுபவர்களைச் சனிக்கிழமைக்கு வரச்செய்ய முடியும் என்றார் தலைவி. மண்டபம்தான் இல்லை. அந்தச் சனிக்கிழமை ரொக்காரரின் ஆண்டு விழா. எர்லாங்கனிலிருந்து ஒரு குழு வந்து அவர்களோடு வாசிக்கிறது. மதியத்திலிருந்தே ஒலிபெருக்கிகளை அடுக்கத் தொடங்குவார்கள்.

"நாங்கள் அவர்களிடம் இன்னொரு தடவை கேட்க மாட்டோம்," என்றார் தலைவி. "நீங்கள் கேளுங்கள். நீங்கள் அவர்களுடைய ஆள்."

ரொக் குழுவின் தலைவர் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி. பவுடரில் சறுக்கி விழும் டிரம் வாசிப்பவரும் அவரே. நான் போனபோது தம் தோட்டத்தில் அவரைக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலேயே எழுதி மனனம் செய்த ஜெர்மன் வாக்கியங்களில் நான்கைச் சொன்னேன், ஐந்தாவது வரவில்லை. ஆகவே நாள் எண்ணும் கணக்கை விளக்கினேன். அது எனக்கு எளிதாக இருந்தது. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"அப்படியென்றால், உங்கள் கணக்கில் செத்தவருக்கு ஒரு நாள் கூடுகிறதா, குறைகிறதா?"

குறைகிறது என்றேன்.

அவர் தலையசைத்தார். மாலை ஆறு மணிவரை மண்டபம் உங்களுடையது, விழாவைப் பிந்தித் தொடங்குவோம் என்றார். மற்றவர்களைக் கேட்க வேண்டாமா என்றேன். கேட்டாயிற்று என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். விடைபெறும்போது, முகத்தைக் கொடியின் பக்கம் வைத்துக்கொண்டே சொன்னார்:

"போன வருடம் நானும் கை தூக்கினேன்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாற்காலி போடுவதற்காக மண்டபத்துக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே கறுப்புச் சட்டை அணிந்த பதினொரு ஆண்கள், அநேகமாக எல்லாரும் அறுபதைக் கடந்தவர்கள், முழங்காலில் நின்று தூரிகையால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுப் பியர் பழுப்பு நுரையாக எழும்பி வாளிகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பலகையின் நிறம் இளமஞ்சள் என்பதை அன்றுதான் கண்டேன். எவரும் என்னோடு துக்கம் பேசவில்லை. தலைவர் மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"பவுடர் எவ்வளவு போடுவார்கள்? எங்களுக்குத் தெரியாது. நாங்கள் விழுந்துதான் பழக்கம்."

எனக்கும் தெரியவில்லை. அத்தனை ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. சங்கத்தின் மண்டபத்துக்குள் இப்படி ஒரு காட்சி சாத்தியம் என்று எவராவது முன்னர் சொல்லியிருந்தால், நான் ஆதாரம் கேட்டிருப்பேன்.

அன்று மாலை லண்டனிலிருந்து வந்திறங்கிய தங்கைக்கு நடனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

"முப்பத்தொண்டு அண்டைக்கு ஆட்டமோ, அத்தான்? சனம் என்ன சொல்லும்?"

"அக்கா கேட்டவ."

"காய்ச்சலில கேட்டிருப்பா."

"காய்ச்சல் இல்லைப் பிள்ளை. நீ பாக்கவேணும் எண்டு கேட்டவ."

அவள் பயணப்பையைத் திறந்து மூடினாள்.

சனிக்கிழமை காலை வீட்டில் கிரியைகள் முடிந்தன. மண்டபத்தில் சாப்பாடு முடிந்து, வாழையிலைகளை எடுத்து, மேசைகளை ஓரம் தள்ளினோம். உறவினர் ஒரு பக்கச் சுவரோரம் அமர்ந்தார்கள். அதை அடுத்த சுவரோரம் ரொக்காரர் நின்றார்கள். அவர்களுடைய ஒலிபெருக்கிகள் வெளியே புல்லில், ஒரு தார்ப்பாயின் கீழே காத்திருந்தன. நடனத் தலைவி தரையைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பின் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ரொக் தலைவர் கூரையைப் பார்த்தார்.

முப்பதுக்கு மேற்பட்டோர் ஆறு வரிசைகளில் நின்றார்கள். இரண்டாவது வரிசையில், இடமிருந்து மூன்றாவது ஆள் இல்லை.

மெதுவான பாட்டு. இரண்டு அடி வலம், ஓர் அடி பின், குதிகாலை ஊன்றி ஒரு நிறுத்தம். முதற் சுவரைப் பார்த்து ஆடும்போது அந்த வெற்றிடம் எனக்கு ஒரு வெற்றிடமாகவே பட்டது. வராத ஒருவருக்காக விட்ட இடம், அவ்வளவுதான். சுற்று முடிந்தது. எல்லாரும் திரும்பினார்கள். வரிசைகள் நிரல்களாயின, முன்னால் நின்றவர் ஓரத்துக்குப் போனார். அந்த இடமும் அவர்களோடு திரும்பியது. அவர்கள் வலம் நகர்ந்தபோது வலம் நகர்ந்தது; பின்னே போனபோது பின்னே போனது. இருபுறமும் நின்ற இரண்டு பெண்கள் ஒருமுறைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆயினும் அது ஒரு விரற்கடை சுருங்கவோ விரியவோ இல்லை. அந்த இடத்துக்குப் பின்னால் நின்ற முதியவர் ஒருவர் ஒவ்வொரு அடியையும், முன்னே இருப்பவரின் குதிகாலை மிதித்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு, சற்றுக் குறுக்கியே வைத்தார்.

முப்பது பேர் தங்கள் உடல்களால் அவளுடைய அகலத்தை அறிந்து வைத்திருந்தார்கள். தோள் எவ்வளவு, அடி எவ்வளவு, எங்கே சற்றுத் தாமதிப்பாள் என்பதெல்லாம் அவர்களிடம் இருந்தன. துல்லியமான கருவிகளுக்கு அருகிலேயே என் வாழ்நாளைக் கழித்தவன் நான். இப்படியொரு துல்லியத்தை எங்கும் கண்டதில்லை. அதன் முன்னால் எழுந்து நிற்பதே முறையென்று பட்டது. எழுந்து நின்றேன்.

மூன்றாவது சுற்றில் அவர்கள் ரொக்காரரை நோக்கித் திரும்பினார்கள். சுவரோரம் நின்ற பதினொருவரும் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினார்கள். நான்காவது சுற்றில் எங்களை நோக்கித் திரும்பினார்கள். அந்த இடம் எங்களை நோக்கி முன்னே வந்தது, குதிகால் நிறுத்தத்துக்கு நின்றது, பின் விலகியது.

பாட்டு ஓய்ந்தது. எவரும் கைதட்டவில்லை. தங்கை என் பக்கம் குனிந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் சீராக இருந்தது.

"அத்தான், நான் பிந்தித்தான் கண்டனான். அக்கா எங்க நிக்கிறா எண்டு விளங்க முதலே பாதி முடிஞ்சு போச்சு. இன்னொருக்கா ஆடச் சொல்லுங்கோ."

ஆறு மணிக்கு ஐந்து நிமிடமே இருந்தது. ரொக் தலைவரைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே ஒலிபெருக்கிகளின் அருகே நின்ற எர்லாங்கன்காரரிடம் போய், இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். நான் நடனத் தலைவியிடம் போய்த் தங்கை கேட்டதை ஜெர்மன் மொழியில் சொன்னேன். இந்த முறை வாக்கியம் முழுமையாக வந்தது.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தம் இடத்துக்குப் போனார். மற்றவர்களும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். தங்கை தன் நாற்காலியை, இரண்டாவது வரிசை நன்றாகத் தெரியும்படி, நான்கடி இடப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள்.