கதவுக்கு வெளியே பதினோரு ஆண்டுகள்

2014 முதல் 2024 வரை, ஆண்டுக்கு ஒரு முறை, செவ்வந்தி ஒரு பிளைவுட் கதவைத் தட்டி அழுதிருக்கிறார். "ஐயா, தொறங்க! எங்களையும் உள்ள உடுங்க!" உங்களை எனக்குத் தெரியாது என்று உள்ளிருந்து மைக்கில் ஒரு குரல் சொல்லும். செவ்வந்தி அப்படியே சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார். மதுக்கரையில் அவருடைய சபையின் ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த அழுகையைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

நாடகம், பத்துக் கன்னிகைகளின் கதை. மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கப் பத்துப் பேர் விளக்கோடு காத்திருக்கிறார்கள். எண்ணெய் கூடுதலாக வைத்திருந்த ஐந்து பேர் உள்ளே போகிறார்கள். மற்ற ஐவர் கடைக்கு ஓடித் திரும்புவதற்குள் கதவு அடைபட்டுவிடுகிறது. சபைதான் மணவாட்டி, கிறிஸ்துதான் மணவாளன், அவர் வரும் நாள் யாருக்கும் தெரியாது, ஆயத்தமாக இரு. ஞாயிறுதோறும் இதைக் கேட்கிற பெண்களில் யாருக்குத்தான் அந்தக் கதவுக்கு வெளியே நிற்க மனசு வரும்? முதல் ஆண்டு ஆள் குறைந்தபோது, "செரி, நா நிக்கறனுங்க" என்று செவ்வந்தி சொன்னார். அதோடு அந்த இடம் அவருக்கே ஆகிவிட்டது.

கொரோனா ஆண்டில் கூட்டம் செல்போனுக்குள் நடந்தது. அப்போதும் விடவில்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்து, வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டி அழுதார். உள்ளே குளித்துக்கொண்டிருந்த கணவர் அருள்குமார், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் துண்டோடு வெளியே ஓடிவந்தார். சபை முழுக்கப் பார்த்தது.

செவ்வந்திக்கு நாற்பத்தாறு வயது. காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் முகூர்த்தப் பட்டுப் பிரிவில் வேலை. நாளுக்கு எட்டுப் பத்து மணப்பெண்களைக் கண்ணாடி முன் நிறுத்தி, தோளில் சேலையை வீசி, முந்தியை நீவி, ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்ப்பார். "கண்ணு, நீ இந்த அரக்கை எடுத்துக்க. அந்தப் பச்சை உன்ற மாமியாருக்கு. அவிய வாயை அடைக்கோணுமல்ல?" பெண் சிரித்துவிட்டால் சேலை விற்ற மாதிரிதான்.

சபை வழக்கப்படி அவர் நகை போடுவதில்லை. பட்டுக்கு நடுவே வெறுங்காதோடு நிற்பவரைப் பார்த்து, "ஏனுங்க, காதுல ஒண்ணையும் காணமே?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. "என்ற மாப்பிள்ளை வந்து எல்லாம் போடுவாருங்க" என்பார். ஒருநாள் கடைக்கு வந்திருந்த அருள்குமார் காதில் இது விழுந்துவிட்டது.

"அப்ப நா யாரு அம்மணி?"

"நீங்க டிரைவருங்க. அவரு வர்ற வரைக்கும் வண்டிய ஓட்டுங்க."

அருள்குமார் உண்மையிலேயே சிமெண்ட் லாரி டிரைவர்.

நாடகத்தில் உள்ளே போகிற ஐவருக்கு வெள்ளைச் சேலை. வெளியே நிற்பவர்கள் கிடைத்ததைக் கட்டிக்கொள்ளலாம். செவ்வந்தி 2019-லேயே கடையின் ஊழியர் தள்ளுபடியில் ஒரு வெள்ளைச் சேலை வாங்கிவிட்டார். கட்டியதில்லை. மாதம் ஒரு முறை பீரோவிலிருந்து எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து உள்ளே வைப்பார்.

"நாடகந்தான், தெரியாம இல்லீங்க. ஆனா பதினோரு வருசமா உன்னையத் தெரியாது, தெரியாதுன்னு ஒருத்தர் சொல்லீட்டே இருந்தா, ராத்திரி படுத்தா அதே ரோசனையா வருதுங்க. நெசத்துலயும் அப்பிடிச் சொல்லிப்போட்டா என்ன பண்றது? ஒருக்காவாச்சும் உள்ள போயிப் பாத்துப்போடோணும்."

போன மாதம் நாடகத்துக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்தில் கையைத் தூக்கி இதைக் கேட்டேவிட்டார். மைக்கில் மணவாளனாகப் பேசுகிற பாஸ்டர் பிரான்சிஸ் உடனே சம்மதித்தார். செவ்வந்தியின் இடத்துக்கு யார் என்றதும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். ஒருவர் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருப்பதால் இந்த நேரத்தில் வெளியே நிற்கக் கூடாதாம். இன்னொருவருக்கு முட்டி வலி. "சிஸ்டர், கதவைக் கையாலதான தட்டோணும், முட்டியிலயா?" என்று யாரோ கேட்டும் பயனில்லை. கடைசியில் பாஸ்டரின் மனைவி எழுந்தார். "நா நிக்கறேன். பதினெட்டு வருசமா ஊட்டுல கூப்புட்டா காதுலயே உழாத மனுசன். மைக்குலயும் தெரியாதுன்னு சொல்லிப்போடட்டும்."

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஒத்திகை. செவ்வந்தி வெள்ளைச் சேலையில், முதன்முறையாகக் கதவுக்கு உள்ளே போனார். அங்கே ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் கேன், கழுத்தைத் திருப்பாத ஒரு மின்விசிறி, மைக்கோடு வியர்த்துக்கொண்டிருக்கும் பாஸ்டர். செவ்வந்தி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்தார். சேலை கசங்கும் என்று எழுந்துகொண்டார். "காத்து நல்லா வருதுங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

வெளியே பாஸ்டரம்மா, பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கப் போனவர் போல இரண்டு தட்டு தட்டினார். பாஸ்டர் மைக்கை எடுத்து, "உங்களை எனக்கு..." என்று தொடங்கியவர் சிரித்துவிட்டார். "சிரிக்காமச் சொல்லுங்க, ஊட்டுக்கு வந்துதான ஆகோணும்?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. இரண்டாம் முறை தட்டியபோது அவர் நிஜமாகவே தட்டினார். "ஏனுங்க, தொறங்க. நாங்க வெளியவே நின்னுட்டமுங்க." குரல் கொஞ்சம் உடைந்தது. பாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் செவ்வந்தி போய்த் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துவிட்டார்.

"சிஸ்டர்! அடைச்ச கதவைத் தொறக்கக் கூடாது. உபதேசமே மாறிப்போயிருமுங்க."

"தெரியுமுங்க பாஸ்டர். தட்டறாங்கல்லங்க, கை தானாப் போயிருது."

மறுபடி முதலிலிருந்து. மறுபடி தட்டல், மறுபடி தாழ்ப்பாள். மூன்றாம் முறை செவ்வந்தியைக் கடைசி நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்தார்கள். அங்கிருந்தும் எழுந்து வந்து, சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் திறந்தார்.

நாடகம் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு. செவ்வந்தி கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டார். தாழ்ப்பாளுக்குப் பாஸ்டர் ஒரு பூட்டு வாங்கிவிட்டார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும்.