தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு

போன வாரம் என் பழைய கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், சூடேறிய தூசியும் பல்லி எச்சமும் கலந்த வாடை. மெக்கானிக் பிரதீப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். எனக்கு அது வடசேரியில் நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டரின் வாடை.

"அக்கா, மதர்போர்டும் ப்ராசஸரும் புதுசு போடணும். பெட்டிய மட்டும் வச்சுக்கிடலாம்" என்றார் பிரதீப். இதே பெட்டிக்கு இதே வைத்தியம் முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறது. அன்றைக்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, சன்னல் இல்லாத அறை. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே மழையா வெயிலா என்பது வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரியும். முதலாளியை அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர். ஆனால் கல்யாண மாதங்களில் லீவு என்ற சொல் மட்டும் அவர் காதில் விழாது. நானும் மணவாளக்குறிச்சியிலிருந்து வரும் ஸ்டெல்லாவும் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் மாறிமாறி அழைப்பிதழ் அடிப்போம். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் கல்யாணமே நின்றுவிடும் என்பது போல அண்ணாச்சி பின்னால் நின்று பதறுவார்.

நாங்கள் அடிக்கப் பயன்படுத்திய தமிழ் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. தீப்பெட்டி அளவில் இருக்கும். பிரிண்டர் வயர் செருகும் இடத்தில் அதை மாட்டினால்தான் மென்பொருள் திறக்கும். தொலைந்தால் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். அண்ணாச்சி அதை யாரையும் தொடவிட மாட்டார்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய அச்சகத்திலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்தது. ஒரே நாள், மத்தியானம் இரண்டு மணி. பத்தரை பஸ்ஸைப் பிடித்தால் போதும். லீவு கேட்டால் கிடைக்காது. நல்லவேளையாக, அன்றைக்குத்தான் கம்ப்யூட்டருக்குப் புது போர்டும் ப்ராசஸரும் மாட்டுகிறார்கள். பழைய போர்டைக் கழற்றும்போது பூட்டு மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்து என் சோற்றுப் பாத்திரத்தின் மேல்தட்டில் போட்டு மூடிவிட்டேன். பூட்டு இல்லாவிட்டால் வேலை இல்லை, எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார், இதுதான் எங்கள் மகா திட்டம்.

பத்து மணிக்குப் போர்டு மாட்டும் வேலை முடிந்தது. மெக்கானிக் போனபிறகுதான் அண்ணாச்சி பூட்டைத் தேடினார். வேட்டியை மடித்துக் கட்டி, மேஜைக்கடியில் குப்புறப் படுத்துத் தேடினார்.

"ஸ்டெல்லா வீட்டுக்குப் போட்டு. அவளுக்கு ஊரு தூரம். நீ போயிராத மக்களே, நீ பாத்தா கெடைக்கும்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் பூட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் அவளுக்கும் பஸ் போயிருக்கும். "போ ஏட்டி" என்று கண்ணைக் காட்டினேன். பத்தரை அடித்தது. நான் ஒளித்து வைத்ததை நானே முழங்காலில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தேன். அழுகையும் வந்தது, பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது.

மத்தியானம், "சாப்பிட்டுட்டுத் தேடு" என்றார். பாத்திரத்தை எப்படித் திறப்பேன்? "பசிக்கல்ல அண்ணாச்சி" என்றேன். அவரே போய் இலையில் ரசவடை வாங்கி வந்து பாதியை என் பக்கம் நகர்த்தினார். அந்த வடை தொண்டையில் இறங்கிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சாயங்காலம், ஸ்டெல்லாவின் இன்டர்வியூ முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, காகிதக் கட்டுக்குப் பின்னாலிருந்து பூட்டைக் 'கண்டெடுத்தேன்'. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி இது உன் கையில இருக்கட்டும் மக்களே. வேற யாரையும் நம்ப மாட்டேன்."

தொலைந்தேன். அன்றிலிருந்து காலையில் நான் போனால்தான் கடை ஓடும், ராத்திரி நான் பூட்டைக் கழற்றினால்தான் கடை அடையும். காய்ச்சல் என்றாலும் பூட்டு போயாக வேண்டும், கூடவே நானும். ஸ்டெல்லா வேலை கிடைத்துப் போய்விட்டாள். "உனக்குச் சன்னல் சீட்டுல குடைய வச்சிருந்தேன் ஏட்டி. களியிக்காவிள பார்டர் வர அந்தக் குடைய எடுக்கல்ல" என்று இப்போதும் போனில் சொல்வாள். நான் ஒன்பது வருஷம் இருந்தேன். வருஷாவருஷம் அதே மென்பொருளில் ராஜினாமாக் கடிதம் அடித்துச் சேமிப்பேன். பிரிண்ட் கொடுக்க விரல் வராது, ரசவடை ஞாபகம் வந்துவிடும். கடையை மூடியபோது அண்ணாச்சி கம்ப்யூட்டரை என்னிடமே தந்தார். "நீதானே இதக் காப்பாத்துன."

பிரதீப் புது போர்டின் பின்பக்கத்தைக் காட்டினார். பூட்டு மாட்டும் அந்த நீளமான வாய் அதில் இல்லை. பழைய போர்டிலிருந்து கழற்றிய பூட்டு அவர் கையில் இருந்தது. "இதுக்கு இப்ப இடமே இல்லக்கா. குப்பையில களஞ்சிரவா?"

மாடிப்படிக்குக் கீழே இன்று மொபைல் உறை விற்கிறார்கள். அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒன்பது கடிதங்களும் இனித் திறக்காது. பூட்டை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அது எங்கே இருந்தது என்று இப்போது கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். தேடுகிறவர்தான் இல்லை.