கடல் பக்கம் காய்ந்த வேட்டி

ஃப்யூஸ் போன பல்பைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே ஒரு சத்தம் கேட்கும். கொலுசு மணி ஒன்று கழன்று கண்ணாடிக்குள் விழுந்துவிட்டது போன்ற மெல்லிய சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் அம்மாக்களுக்கு எரிச்சல், பிள்ளைகளாகிய எங்களுக்கோ திருவிழா. ஏனென்றால் புதுப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் பல்பு உயிரோடு இருக்கும்வரை வெறும் விளக்கு, செத்துப்போனால்தான் அது சினிமா.

அந்தப் "பல்பு சினிமா"வை அறியாதவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பல்பின் அடியில் இருக்கும் கறுப்புக் கண்ணாடியை ஆணியால் பக்குவமாகத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கும் கம்பியையெல்லாம் உருவி எறிந்து, வாய் முட்டத் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். பொட்டிக்கடையில் கமர்கட்டும் தேன்மிட்டாயும் விற்கும் அதே பலகையில் "பிலிம்" துண்டுகளும் விற்பார்கள். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை அடிக்கும் அந்தத் துண்டை அட்டையில் செருகி, வீட்டுக் கதவைச் சாத்தி, வெளியே ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்துக் கதவிடுக்கு வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். வெயில் பிலிமைத் தாண்டி, பல்புத் தண்ணீரைத் தாண்டி, எதிரே கட்டிய வேட்டியில் போய் விழும்போது, விரல் நகம் அளவு இருந்த கதாநாயகன் ஆள் உயரத்துக்கு நிற்பான். அந்த நொடியில் நாங்கள் போட்ட கூச்சலில் கூரையில் இருந்த பல்லிகூட இடம் மாறிப் போகும். டிக்கெட் ஆளுக்கு ஒரு கமர்கட்.

ஆபரேட்டர் என் அண்ணன் குணா. கண்ணாடி பிடிப்பவள் நான். ஆனால் எங்கள் கொட்டகைக்குக் கூட்டம் வந்தது எங்கள் இருவருக்காகவும் அல்ல, கன்னியம்மாவுக்காக. எங்கள் பின்வரிசை வீட்டுக்காரி, என் வகுப்புக்காரி, எட்டியப்பன் மாமாவின் ஒரே பெண். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகள்: குதிரைமேல் ஒரு வீரன், பாதி முகத்தோடு அழும் ஒரு பெண், ஒரு போலீஸ் ஜீப், யானை. படம் ஆடாது அசையாது, பேசவும் பேசாது. கன்னியம்மாதான் பேசுவாள். வீரனுக்கு ஒரு குரல், அழுகிறவளுக்கு ஒரு குரல், ஜீப்புக்கு உறுமல், நடுநடுவே பாட்டு. இந்த நாலு துண்டையும் வைத்துக்கொண்டு தினம் ஒரு கதை கட்டுவாள். ஒரு நாள் வீரன் ஜீப்பைத் திருடுவான், மறுநாள் யானை போலீஸில் சேரும். வயிறு வலிக்கச் சிரிப்போம். புதுப்பட்டினம் டென்ட் கொட்டகையில் பார்த்த எந்தப் படமும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் கன்னியம்மா கொடுக்காப்புளி மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்டவர், அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போகும்போது, வாசலில் அவள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, கால் கொஞ்சம் குட்டையாக நின்றுபோகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். குரலைத் தாழ்த்தி என்ன பயன், குரல் விஷயத்தில் கன்னியம்மாவின் காது பாம்புக் காது. அன்றே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், அதன்பின் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மிட்டாய்க்காரரிடம் அவளுக்குப் பிடித்த சவ்வு மிட்டாயில் வாட்ச் செய்து என் கையில் கட்டச் சொல்லி, அது உருகுவதற்குள் ஓடிப்போய் நீட்டினேன். தொடவில்லை. மிட்டாய் என் கையிலேயே வழிந்து, எறும்பு வந்ததுதான் மிச்சம். எட்டியப்பன் மாமா தினமும் கடலிலிருந்து வந்ததும் ஈரம் சொட்டச் சொட்ட அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஏதாவது பேசிப் பார்ப்பார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அழுத முகத்தைத்தான் துடைக்கிறார் என்பது எங்களுக்கும் தெரியும்.

அவள் பேசாமல் எங்களால் இருக்க முடியவில்லை. அவள் கொட்டகைக்கு வர முடியாவிட்டால் கொட்டகை அவளிடம் போகும் என்று குணா அறிவித்தான். சொல்வது எளிது. எங்கள் வீட்டு வாசலில் வெயில் கொட்டிக் கிடக்கும். அவள் வீடோ உள் சந்தில், புங்க மரத்து நிழலில். ஒரு கண்ணாடியால் அங்கே வெயிலைக் கொண்டுபோக முடியாது. கடற்கரையில் ஒருவர் பிடித்து, எங்கள் வீட்டு முனையில் ஒருவர் வாங்கி, மரத்தடியில் ஒருவர் திருப்பி, இப்படிக் கை மாற்றி மாற்றித்தான் அவள் கதவு வரை வெயிலை அழைத்துப் போக வேண்டும். அதற்கு ஊர்க் கண்ணாடிகள் வேண்டும்.

அங்கேதான் முட்டிக்கொண்டது. எங்கள் குப்பத்தில் ஆண்கள் கடலில் இருக்கும்போது எந்த வீட்டுக் கண்ணாடியும் வெளியே வராது. கை தவறி உடைந்துவிட்டால் யார் தலைக்கு ஆகுமோ என்ற பயம். வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "ஆம்பளைங்க தண்ணி மேல கீற வரைக்கும் கண்ணாடி வாசப்படி தாண்டக் கூடாது." நான் பிடிக்கும் கண்ணாடி விளிம்பு உடைந்தது, எப்போதோ தூக்கி எறிந்தது, அதனால் அதற்கு விலக்கு. மற்றவற்றுக்கு இல்லை. கட்டுமரங்கள் கரைக்கு வந்த பிறகு கேட்கலாம் என்றால், அவை வருவதற்குள் வெயில் மேற்கே சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போய்விடும். மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நாட்கள் என்பதால் ஒருவரும் ஒரு நாளும் வீட்டில் தங்கவில்லை. வெயில் இருந்தால் கண்ணாடி இல்லை, கண்ணாடி இருந்தால் வெயில் இல்லை. குணா பல்லைக் கடித்தான்.

இருந்தாலும் திரையாவது தயாராக இருக்கட்டும் என்றான். எங்கள் குப்பத்தில் அப்பா என்றால் நைனா. எங்கள் நைனாவின் கல்யாண வேட்டி டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிக் கிடந்தது. அம்மா மீன் விற்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்து, சோப்புப் போட்டு, சொட்டு நீலம் விட்டு அலசினோம். பிழிந்தால் சுருக்கம் விழும், சுருக்கம் விழுந்தால் கதாநாயகன் மூஞ்சி கோணிப்போகும். எனவே மணலில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, நான்கு முனையையும் இழுத்துக் கட்டி, கடல்காற்று நேராகப் படும்படி விறைப்பாக விரித்து வைத்தோம். நீலம் போட்ட வேட்டி காலை வெயிலில் கண் கூசும்படி மின்னியது. "சோக்கா கீதுல்ல?" என்றான் குணா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் குப்பத்தில் புடவை காயும், பாவாடை காயும், கட்டம் போட்ட லுங்கி காயும். வெள்ளைத் துணி மட்டும் கடல் பக்கம் காயாது, எப்போதும் வீட்டுக்குப் பின்னால்தான். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தும் அது ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை. கரையில் சாவோ தீ விபத்தோ நேர்ந்துவிட்டால், கடலில் இருப்பவர்களைத் திரும்பக் கூப்பிட அந்தக் காலத்தில் ஒரே வழி, வெள்ளை வேட்டியை இரண்டு கழிகளுக்கு நடுவே விரித்துக் கட்டுவது.

முதலில் ஒரு பாய் திரும்பியது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. நான் மணலில் உட்கார்ந்து பிலிம் துண்டுகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கடல் நிறையப் பாய்கள், எல்லாம் எங்களைப் பார்த்து வருகின்றன. இந்த நேரத்தில் கட்டுமரங்கள் வருவதைக் கண்டு பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள், கடலில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று மாரில் அடித்துக்கொண்டு. கட்டுமரத்தில் வந்தவர்களோ, கரையில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று துடுப்பை விட்டுவிட்டு இடுப்பளவு நீரிலேயே குதித்தார்கள். யார், யார் என்று இவர்கள் அவர்களைக் கேட்க, யார், யார் என்று அவர்கள் இவர்களைக் கேட்க, பதில் சொல்ல ஆளில்லை. எட்டியப்பன் மாமா மட்டும் யாரையும் கேட்கவில்லை. அலையில் விழுந்து எழுந்து, மணலில் விழுந்து எழுந்து, நேராக உள் சந்துக்குள் ஓடினார். அவர் பின்னாலேயே நானும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது, அவர் முகம் அப்படி இருந்தது.

கன்னியம்மா கட்டிலில் கண் விழித்துக் கிடந்தாள். மாமா அவள் முன்னால் மண்டியிட்டு, அவள் முகத்தைத் தொட்டு, கையைத் தொட்டு, கட்டுப் போட்ட காலைத் தொட்டார். பிறகு அந்தக் கட்டிலிலேயே தலையை வைத்துக்கொண்டு விம்மி அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவள் பேசவில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. கையை நீட்டி அவர் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் கரைக்குத் திரும்பியபோது உண்மை வெளிவந்திருந்தது. நைனா தம்முடைய கல்யாண வேட்டியை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு கையால் குணாவின் காதைப் பிடித்துத் தூக்கியிருந்தார். குணா தன் கையில் பல்பைக் கெட்டியாகப் பிடித்தபடி, கன்னியம்மாவுக்குப் படம் காட்ட வேண்டும், அவள் பேச வேண்டும், அதற்குத்தான் எல்லாம் என்று அழுதழுது சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் விட்டு வந்த வலை, போன மீன், இன்னும் தணியாத பயம், எல்லாமாகச் சேர்ந்து ஊரே எங்களைத் தின்றுவிடும் கோபத்தில் நின்றது. அப்போதுதான் எட்டியப்பன் மாமா சந்திலிருந்து திரும்பி வந்தார். ஈர மணல் ஒட்டிய முகத்தோடு குணாவின் கையில் இருந்த பல்பையே பார்த்தார்.

"அதான் ஆம்பளைங்க அத்தினி பேரும் கரைக்கு வந்துட்டோமே," என்றார். "வூட்ல கீற கண்ணாடியெல்லாம் எடுத்தாங்க. எம் பொண்ணு படம் பாக்கட்டும்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், ஊரின் கோபம் உடைந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்த பெண்கள் அதே வேகத்தில் வீட்டுக்கு ஓடினார்கள். வட்டக் கண்ணாடி, சதுரக் கண்ணாடி, பொட்டு அப்பிய கண்ணாடி, பீரோக் கதவிலிருந்து கழற்றிய ஆள் உயரக் கண்ணாடி, சவரம் செய்பவர் மாட்டியிருந்த கண்ணாடி! என் வாழ்நாளில் அத்தனை கண்ணாடிகளை மொத்தமாகப் பார்த்ததில்லை. அலையில் நின்று துடுப்புப் போடும் கைகள் கண்ணாடி பிடித்தன, துளி ஆட்டம் இல்லை. கரையில் நைனா வெயிலைப் பிடித்து முனைக்கு எறிந்தார், முனையில் வாங்கியவர் மரத்தடிக்குத் தள்ளினார். "இன்னும் கொஞ்சம் இப்பால, இன்னும் கொஞ்சம், தோ வந்துச்சு" என்று சந்து நெடுகக் கூச்சல். சூரியன் நகர நகர அத்தனை பேரும் இம்மி இம்மியாக நகர்ந்தார்கள். என்றைக்கும் வெயிலே பார்க்காத அந்தச் சந்துக்குள், கோழிகள் மிரண்டு ஓட, ஒரு வெளிச்சம் வளைந்து நெளிந்து வந்து கன்னியம்மாவின் கதவிடுக்கில் நுழைந்தது.

உள்ளே எதிர்ச் சுவரில் நைனாவின் வேட்டியைக் கட்டியிருந்தோம், அறை நிறைய நெரிசல். நனைந்த ஆண்களின் உப்பு வாடை, எல்லோரும் சேர்ந்து விட்ட மூச்சு. குணா முதல் துண்டைச் செருகினான். வேட்டியில் வீரன் குதிரையோடு தோன்றினான், தலைகீழாக. பிலிமைத் தலைகீழாகச் செருகினால்தான் படம் நேராக விழும், பதற்றத்தில் மறந்துவிட்டான். ஒரு கண்ணும் திரையில் இல்லை, எல்லாம் கட்டிலில் இருந்தன.

"டேய் குணா," என்றது இருட்டுக்குள்ளிருந்து கரகரத்த ஒரு குரல். "ஈரோ தலகீயா தொங்கறாண்டா. இஸ்து நேரா வையி."

அந்த வீடு அதிர்ந்தது. வெளியே மரத்தடியில் கண்ணாடி பிடித்திருந்தவர், என்ன என்ன என்று கேட்டுத் திரும்பியதில் வெயில் போய் ஒரு கணம் எல்லாம் இருட்டு, அவரை ஊரே திட்டியது. மறுபடி வெளிச்சம் வந்தபோது அவள் ஆரம்பித்துவிட்டிருந்தாள். அன்றைய கதையில் வீரன், அழுகிற பெண்ணைப் பார்க்கக் குதிரையிலேயே கடலைத் தாண்டி ஓடிவந்தான், வந்த வேகத்தில் மீனை மறந்துவிட்டான். மாமா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கால் கொஞ்சம் குட்டையாகத்தான் நின்றது. கன்னியம்மா இப்போதும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள், ஆனால் கரையில் மீன் ஏலம் விடும் அவள் குரலுக்கு முன்னால் எந்த வியாபாரியும் நிமிர்ந்து நடக்க முடியாது. குப்பத்தில் எல்லோர் மடியிலும் போன் இருக்கிறது, கடலில் இருப்பவர்களைக் கூப்பிட வேட்டி வேண்டியதில்லை. பிலிம் என்றால் என்னவென்று கேட்கிறான் என் மகன். நாவலூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எரிவதெல்லாம் எல்இடி. செத்தால் ஆட்டிப் பார்க்கிறேன், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. உடைத்துத் தண்ணீர் ஊற்ற அதற்கு வயிறும் இல்லை.

எங்கள் பால்கனியிலிருந்து தூரத்தில் ஒரு கோடு போலக் கடல் தெரியும். இத்தனை வருடமாக நான் அங்கே வெள்ளைத் துணி மட்டும் காயப்போட்டதில்லை. என் கணவர் கேலி செய்து ஓய்ந்துவிட்டார். போன மாதம் எட்டியப்பன் மாமா காலமானார், வயது முதிர்ந்து, மகள் கையைப் பிடித்தபடி. காரியமெல்லாம் முடிந்து நாவலூர் திரும்பிய மறுநாள், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துப்போய், கம்பியில் கடலைப் பார்க்க விரித்துப் போட்டேன். போட்டுவிட்டுக் கன்னியம்மாவை போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது.

"நல்லா விரிச்சுக் கட்டுடி," என்றாள். "எங்க நைனாவுக்குக் கண்ணு அவ்ளோ செரியாத் தெரியாது."

நான் உள்ளே போய் இன்னும் இரண்டு கிளிப் எடுத்து வந்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டினேன்.