பனிக்கட்டிப் பாசிக்குக் கட்டிய வேட்டி

மாசி மாதக் குளிரில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கும். அதற்கு மேலே ஒரு ரியூப்லைற் எரியும். வீட்டுக்காரர் அரை இருட்டில் இருந்து சாப்பிடுவார்; செடிக்கு மட்டும் விடிந்ததிலிருந்து வெளிச்சம். அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அந்தச் செடிக்கு நான் செய்த ஊழியத்தில் பாதியை என் கணவருக்குச் செய்திருந்தால் மனிதர் இன்னும் இரண்டு கிலோ கூடியிருப்பார். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் செய்த அழிவுக்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் பட்டம் எடுத்த நான், ரொறன்ரோவில் மூன்று வருடம் டோனற் கடையில் கோப்பி ஊற்றினேன். அதன் பிறகு ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு மட்டும். ஆனால் அங்கே ஆய்வு உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. பேராசிரியர் உயரமான கனேடியப் பெண், என் வயதுதான் இருக்கும். "மூன்று மாதம் உங்கள் வேலையைப் பார்க்கிறேன். சரியாக இருந்தால் அந்த இடம் உங்களுக்கு" என்று சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டும். கோயிலில் கண்ணை மூடினால் முதலில் அதைத்தான் கேட்பேன். பிள்ளைகளின் சுகமெல்லாம் அதற்குப் பிறகுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆய்வுகூடத்தின் மூலையில் ஒரு குளிர் அலுமாரி. அதற்குள் நாலு குடுவைகளில் வட துருவக் கடலிலிருந்து கொண்டுவந்த பாசி. எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் அல்கா. கடல் உறைந்து ஓர் ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி கிடக்கும், அதற்கு மேலே வெண்பனி மூடியிருக்கும். இரண்டையும் தாண்டி அடியில் வந்து சேர்கிற மிச்சசொச்ச வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, பனிக்கட்டியின் அடியிலும் அதற்குள் ஓடுகிற உப்புநீர்த் துவாரங்களிலும் இந்தப் பாசி ஒளித்தொகுப்புச் செய்கிறது. பனிக்கட்டியின் அடிப்பக்கமே தேநீர் நிறத்துக்கு மாறிவிடுமாம். அங்கே இருக்கும் சின்னப் புழுப்பூச்சியிலிருந்து பெரிய மீன் வரைக்கும் சாப்பாடு அதிலிருந்துதான் தொடங்குகிறது. இதெல்லாம் பேராசிரியர் ஒருநாள் எனக்குச் சொன்னவை. நான் நன்றாகத் தலையாட்டினேன். தலைக்குள் எவ்வளவு போனது என்பது வேறு விஷயம்.

பிறகு அவர் மூன்று வாரம் வேறோர் ஆய்வுகூடத்துக்குப் போனார். அலுமாரியின் வெப்பநிலையைத் தினமும் குறிப்புக் கொப்பியில் எழுதச் சொன்னார். வேறு எதையும் தொடச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கழுவ ஒன்றும் இல்லை. சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். அலுமாரியைத் திறந்தேன். குடுவையில் ஒட்டியிருக்கும் எழுத்தைக்கூட வாசிக்க முடியாத இருட்டு. உள்ளே ரியூப்லைற்றைச் சுற்றிக் கறுப்பு வலை ஒன்று, தூசி பிடித்துக் கிடந்தது. பாவம் இதுகள், யாரும் கவனிக்கவில்லையே என்று எனக்கு மனம் கரைந்துவிட்டது. வலையைக் கிழித்தெடுத்துக் குப்பையில் போட்டேன். ரியூப்பைத் துடைத்தேன். அலுமாரிக்குள் பளிச்சென்று வெளிச்சம் பரவியது. நாலு கறிவேப்பிலைச் செடிக்கு ஒன்றாகத் தண்ணீர் ஊற்றிய திருப்தியோடு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை வந்து திறந்தால், தேநீர் நிறத்தில் இருந்த மூன்று குடுவைகள் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்துக் கிடந்தன. குப்பை வண்டி வலையோடு போய்விட்டது.

கணவரின் வேலையிடத்துக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? ஒண்டும் சொல்லாதையும். குளிரிலை செத்துப்போச்சு எண்டு சொல்லும்" என்றார்.

"ஐஸுக்குள்ளை சீவிக்கிறது குளிரிலை சாகுமோ? கதைக்கிற கதையைப் பாருங்கோ!"

அவரைத் திட்டின வேகத்தில் எனக்கே உண்மை விளங்கியது. குளிர் அல்ல, நான் கொடுத்த வெளிச்சம்தான் அதுகளைக் கொன்றது. மங்கலுக்கே பழகி, அதைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்துத் தின்னக் கற்றுக்கொண்ட உயிரின் முகத்தில் ரோச் லைற் அடித்திருக்கிறேன். பட்டம் எடுத்தவளாம் நான்! என் மேல் எனக்கு வந்த கோபத்தில் பேராசிரியருக்கே போன் எடுத்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

"ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?" என்று கேட்டார்.

நாலாவது குடுவை மற்ற மூன்றுக்கும் பின்னால், நிழலில் நின்றது. நிறம் மங்கியிருந்தாலும் முழுக்க வெளுக்கவில்லை.

"நான் வரும்போது அது உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களை வைத்திருக்க என்னிடம் காரணம் இருக்காது" என்றார். நியாயமான பேச்சு. அதனாலேயே இன்னும் எரிந்தது.

முதலில் ரியூப்பை அணைத்தேன். புது வலை வர இரண்டு வாரமாகும் என்று கடையில் சொன்னார்கள். இரண்டு வாரம் இருட்டில் வைக்க எனக்குத் துணிவில்லை. வீட்டுக்குப் போய் உடுப்பு அலுமாரியைக் குடைந்தேன். கணவர் கோயிலுக்குக் கட்டுகிற பருத்தி வேட்டி, நல்ல நெருக்கமான நெசவு, கையில் அகப்பட்டது.

"உது என்ர வேட்டியெல்லோ! கோயிலுக்கு எதைக் கட்டிக்கொண்டு போறது?"

"காற்சட்டையோடை போங்கோ. பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார்."

பேராசிரியரின் கொப்பியில் வெளிச்சத்தின் அளவு எழுதியிருந்தது. ஒளிமானியைக் குடுவை நிற்கும் இடத்தில் வைத்துவிட்டு, ரியூப்புக்குக் கீழே வேட்டியை மடித்து மடித்துக் கட்டினேன். மூன்று மடிப்பு, ஐந்து மடிப்பு. ஏழாவது மடிப்பில் முள் அந்த அளவுக்கு வந்து நின்றது. அலுமாரிக்குள் மறுபடியும் எழுத்து வாசிக்க முடியாத இருட்டு. இந்த முறை அந்த இருட்டைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷம்.

தினமும் வேலை தொடங்க முன்னும் முடிந்த பின்னும் ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். முதல் கிழமை ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் கிழமைக் கடைசியில், வெறும் தண்ணீரில் தேயிலைப் பையை ஒரு தரம் முக்கி எடுத்தது போல ஒரு மெல்லிய நிறம் தெரிந்தது. என் ஆசையா, உண்மையா என்று சந்தேகம்.

பேராசிரியர் வந்தார். வேட்டியைப் பார்த்தார், பிறகு குடுவையைப் பார்த்தார். "நிறம் போதாது. ஒட்சிசன் விடுகிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார். பாசித் தண்ணீரை இரண்டு சின்னப் போத்தல்களில் ஊற்றி, ஒன்றை வேட்டிக்குக் கீழேயும், மற்றதை அலுமினியத் தாள் சுற்றி முழு இருட்டிலும் ஒருநாள் வைத்தோம். உயிரோடு இருந்தால் இருட்டுப் போத்தலைவிட வெளிச்சப் போத்தலில் ஒட்சிசன் கூடுதலாக இருக்கும்.

மறுநாள் காலை, "நியமிப்பை யார் செய்வது?" என்று தனக்குள் கேட்பது போலச் சொன்னார்.

"நான் செய்வேன்" என்றேன். மருந்து விட்டு அளவு பார்க்கிற வேலைதான் நியமிப்பு; யாழ்ப்பாணக் கடலேரித் தண்ணீரில் நூறு தரம் செய்தது. அவர் புருவத்தை உயர்த்திவிட்டு விலகி நின்றார்.

மருந்துகள் விட்டு, மாப்பொருள் கரைசல் சேர்த்ததும் தண்ணீர் கருநீலமானது. அளவிக் குழாயிலிருந்து இன்னொரு மருந்தைத் துளி துளியாக விட வேண்டும். ஒட்சிசன் எவ்வளவு கூடவோ, நீலம் போக அவ்வளவு துளி கூட வேண்டும். முதலில் இருட்டுப் போத்தல். இருபத்தொன்பதாம் துளியில் நீலம் மறைந்தது.

பிறகு வெளிச்சப் போத்தல். வாய்க்குள் தமிழில் எண்ணினேன். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. நீலம் அசையவில்லை. முப்பது. முப்பத்தொன்று. பேராசிரியர் குனிந்து கிட்ட வந்தார். முப்பத்து நாலு. அப்போதும் நீலம். முப்பத்தேழாம் துளியில்தான் தண்ணீர் தெளிந்தது.

இரண்டு பேரும் ஒன்றாகக் கத்திவிட்டோம். பக்கத்து அறையிலிருந்து யாரோ ஓடி வந்து, ஏதும் உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஏழு மடிப்பு வேட்டிக்குக் கீழே, எங்கள் கண்ணுக்கு இருட்டாய்த் தெரிந்த இடத்தில், அந்தப் பாசி ஒளித்தொகுப்புச் செய்திருக்கிறது. சாகக் கிடந்தது எழும்பி மூச்சு விட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பேராசிரியர் கொப்பியைத் திறந்து முடிவை எழுதி, செய்தவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ரொறன்ரோவில் அதுவரை நான் போட்ட கையெழுத்தெல்லாம் வாடகைக்கும் விண்ணப்பத்துக்கும்தான். "திங்கட்கிழமையிலிருந்து கழுவ வேறு ஆள் வரும்" என்றார். புது வலை வந்து மேசையில் கிடந்தது. அதைப் பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, 'துணியை யாரும் தொடக் கூடாது' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டிவிட்டுக் கணவருக்குப் போன் எடுத்தேன்.

"வேலை நிரந்தரம்!" என்றேன்.

மனிதர் சந்தோஷத்தில் ஏதேதோ சொன்னார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப, என்ர வேட்டி?"

"அதுக்கும் நிரந்தரம்தான்" என்றேன்.