நான்கு மூலைப் புண்

இரண்டாயிரத்துகளின் பிற்பாதியில் ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். இதயக் குழாய்க்குள் போகும் கம்பியை டாக்டர் திரையில் பார்த்தபடியே நகர்த்துவார்; அந்தப் படத்தைத் தரும் எக்ஸ்ரே கருவி என் பொறுப்பு. ஈய அங்கி எங்களுக்கு உண்டு. மேசைக்கு அடியிலிருந்து கதிர் நேராக விழும் நோயாளியின் முதுகுக்குக் கிடையாது. அதைக் காப்பது என் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஒரு நாள் காலை, பர்கூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்ப்பவர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நான்கு மாதங்களுக்கு முன் வேறு ஊரில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதே குழாயில் மறுபடி அடைப்பு. சட்டையைக் கழற்றியதும் முதுகைப் பார்த்தேன். வலது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருத்து, நடுவில் உரிந்து சிவந்திருந்தது.

கூட வந்த மனைவியிடம் கேட்டேன்.

“படைங்க மேடம். ஆஞ்சியோ பண்ணி மூணு வாரம் கழிச்சு வந்துச்சு. எத்தினி களிம்பு போட்டாலும் போவ மாட்டேங்குது.”

படை வட்டமாகப் பரவும். இதற்கு, எக்ஸ்ரே கதிர் விழும் கட்டத்தைப் போலவே, நான்கு மூலைகள் இருந்தன. முதல் சிகிச்சை வெகுநேரம் நீண்டு, ஒரே இடத்தில் கதிர் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து வாரம் இரண்டு நாள் வருபவர், வேகமானவர்.

“சார், அவர் முதுகைப் பாருங்க. அது கதிர் பட்ட புண்ணு. எப்பவும் வைக்கிற ஆங்கிள்ல வெச்சா மறுபடி அங்கேயேதான் விழும்.”

“நீங்க என்ன, தோல் டாக்டரா?”

“இல்ல சார். ஆனா அந்தக் கட்டத்தைத் தினமும் நான்தானே போடுறேன்.”

அவர் உள்ளே வந்து, குனிந்து, அந்த ஓரங்களை நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. “சரி, எந்தப் பக்கம் திருப்பலாம், சொல்லுங்க.”

எக்ஸ்ரே குழாயைத் திருப்பிப் புண்ணுக்கு வெளியே கதிர் விழும்படி வைத்தேன். கட்டத்தைச் சுருக்கினேன். குறைந்த கதிரே போதும்படி, படம் பிடிக்கும் பகுதியை நெஞ்சுக்கு நெருக்கமாக இறக்கினேன்.

படுத்திருந்தவர் விழித்துத்தான் இருந்தார். “சூடு ஏதாச்சும் தெரியுமாங்க?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க. அதனாலதான் நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

கதிர் ஓடும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் கருவி அலறும். யாராவது கை நீட்டி அதை அணைத்துவிடுவது வழக்கம். அன்று ஒவ்வொரு முறையும் மொத்த நிமிடத்தை உரக்கச் சொன்னேன். மூன்றாவது முறை டாக்டர், “தெரியும்மா,” என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் தேவையில்லாத நேரத்தில் கதிரை ஓடவிடும் பெடலிலிருந்து காலை எடுக்க ஆரம்பித்தார். அடைப்பு நீங்கி ரத்தம் ஓடுவதைத் திரையில் பார்த்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

டிஸ்சார்ஜ் தாளில் கதிர் ஓடிய நேரத்தையும் அளவையும் டாக்டரே எழுதினார். மனைவியிடம், “அந்தக் களிம்பை நிறுத்திடுங்க. மூணு வாரத்துல புதுசா எங்கயாவது சிவக்குதான்னு பாருங்க. இது எதனால வந்ததுன்னு இந்தச் சீட்டுல இருக்கு, தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க,” என்றேன்.

நான்காவது வாரம் இருவரும் வந்தார்கள். புதிதாக ஒரு சிவப்பும் இல்லை. பழைய புண் ஆறப் பல மாதம் பிடித்தது, ஆனால் ஆறியது. அதற்குள் எங்கள் லேபில், கையுறை மாட்டும் முன் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “முதுகு பாத்தாச்சா?” என்பதாகியிருந்தது.