என் மகனுக்காக அவள் எடுத்த விளக்கு

கன்னியம்மா இறந்துபோன செய்தியை, அவள் மகளோடு இருந்த ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்த ஆள்தான் கொண்டுவந்தான். வாசலில் நின்றிருந்த என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஏகாம்பரம் இருக்காரா?" என்று கேட்டான். நான் அவளுடைய ஓரகத்தி. அவள் கணவருக்கு அண்ணியாக அந்த வீட்டில் அவளுக்கு முன்பே நுழைந்தவள். ஆனாலும் செய்தி முதலில் என் மகனுக்குத்தான் போயிற்று. அவன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எனக்காக இவன் இப்படி அழுவானா என்று அந்த நேரத்திலும் என் மனம் கேட்டது.

அவளைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அவள் நல்லவள் என்பீர்கள். எனக்கு மறுப்பில்லை. அவளை நினைத்தாலே எனக்கு வயிறும் சேர்ந்து எரியும், அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

ஏகாம்பரம் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தான். ஐப்பசி மழையில் ஊறிய மைதானத்தில் சடுகுடு ஆடும்போது வழுக்கி, கல்படியில் பின்னந்தலை மோத விழுந்தான். தையல் போட்ட டாக்டர், "எலும்பு உடையல. மூளை குலுங்கியிருக்குது. படிப்பு, சத்தம், வெளிச்சம் எதுவும் ஆகாது" என்றார். எங்கள் வீட்டிலோ கூடத்தில் இரண்டு தறி. தெருவில் தறி இல்லாத வீடே கிடையாது. தறிப் பலகை ஒருமுறை அடித்தால் பையன் ஒருமுறை முகத்தைச் சுளிப்பான். அமாவாசையன்று வழக்கம்போலத் தெரு முழுவதும் தறி நின்றது. அன்று பகலெல்லாம் அசையாமல் தூங்கினான். மாரியம்மனுக்கு நான் முடிந்துவைத்த மஞ்சள் துணியின் பலன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மா அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, எங்க அம்மா வூட்ல தறி கிடையாது. சுத்தி வயலு. புள்ளைய இட்டுக்கினு போறேன்" என்றாள். மாமியார் படுக்கையில், தறியில் உட்காரும் ஆண்களுக்குச் சோறு வடிக்க மூத்தவள் நான் இருந்தாக வேண்டும். தன் இரண்டு பெண்களோடு என் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். முதல் தடவை நான் உள்ளே நுழைந்ததும், "சித்தி, அம்மா வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தான், விருந்தாளி வந்ததுபோல. எழுத்தெல்லாம் நெளிகிறது, படிக்கவே முடியாதோ என்று பயந்துபோயிருந்த பையன் அவன். அவனுக்கு அவள் கொடுத்த பாடப் புத்தகம் வேர்க்கடலைப் பொட்டலக் காகிதம். அதில் இரண்டு வரி படிக்கவேண்டும், கண்ணை மூடவேண்டும். மறுநாள் மூன்று வரி. கதை பாதியில் கிழிந்திருக்கும். "மீதி என்ன ஆச்சு சித்தி?" என்பான். "நீயே சொல்லு, கண்ண மூடிக்கினு சொல்லு" என்பாள். "வலி வந்தப்புறம் நிறுத்தக் கூடாதுடா, வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும்" என்பது அவள் சட்டம். நான் ஒவ்வொரு முறையும், "எப்படா ஸ்கூலுக்குப் போவ?" என்றுதான் கேட்டேன். எல்லாத் தாயும் அதைத்தானே கேட்பாள்?

கார்த்திகை வந்தது. தலைக்கு நோவு கண்டவர்கள் கடைஞாயிற்றில் மாவிளக்குச் சட்டியைத் தலையில் ஏந்திக் கச்சபேசர் கோயிலைச் சுற்றுவது நம் ஊர் வழக்கம். ஏகாம்பரம் எடுப்பான் என்று நான் வேண்டியிருந்தேன். கன்னியம்மா குறுக்கே நின்றாள். "அந்தக் கூட்டத்துல, அந்த மேளத்துல, அடிபட்ட தலைமேல சட்டிய வெச்சா தாங்குமா அக்கா? பெத்தவ நீ எடு. சாமிக்குத் தெரியாதா யாருக்குன்னு?"

சரி என்றேன். எனக்கும் அதுதான் ஆசையாகிவிட்டது. மாவு இடித்து, நெய் உருக்கி, புதுச்சட்டி வாங்கி வைத்தேன். கடைசி ஞாயிறு விடிகிறபோது வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். அதை விட்டால் அடுத்த கார்த்திகைதான். நான் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்திருக்க, நான் இடித்த மாவை, நான் வாங்கிய சட்டியை, எனக்குத் துணையாக அன்று வந்திருந்த அவள் என் பிள்ளைக்காகத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மதியம் திரும்பியவள் நேரே கொல்லைக்கு வந்து எட்ட நின்றாள். சட்டிச் சூட்டில் நெற்றி சிவந்திருந்தது. "ஒம்பேர சொல்லித்தான் சுத்துனேன் அக்கா" என்றாள். அவள் கொஞ்சம் கர்வப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வாயாரத் திட்டியிருப்பேன்.

பையன் தேறினான். மார்ச்சில் பரீட்சை எழுதட்டும் என்றேன். "செப்டம்பர்ல எழுதட்டும், ஓடிப்போயிடாது" என்றாள் அவள். அவன் செப்டம்பரில்தான் எழுதினான், தேறியும்விட்டான். கல்யாணப் பந்திகளில் சொந்தக்காரர்கள் அவனைக் காட்டி, "சித்தி வெளக்கு எடுத்துப் பொழச்ச புள்ள" என்பார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் மோர் கொண்டுவர எழுந்து போய்விடுவேன்.

கொழுந்தனார் முன்பே போய்விட்டார். பெண்கள் மட்டும் இருப்பதால் கன்னியம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் ஏகாம்பரம். தலையை மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு என் எதிரில் வந்து நின்றான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. எனக்குச் செய்யவேண்டியதை அவளுக்கு முதலில் செய்துவிட்டான். கிட்டே கூப்பிட்டுப் பின்னந்தலையைத் தடவினேன். தையல் தழும்பு விரலில் தட்டியது.

"வலிக்குதாடா?"

"இல்லம்மா. அது அப்பவே போயிடுச்சு."

அவள் புடவையோ மூக்குத்தியோ எனக்கு வேண்டாம், பெண்கள் வைத்துக்கொள்ளட்டும். அவள் விட்டுப்போனதில் எனக்கு வந்தது இவன்தான். பெற்றவள் நானாகவே இருக்கட்டும், இவனை நான் அவளிடமிருந்துதான் வாங்கி வைத்திருக்கிறேன்.